அவர் தலைக்குள் இருந்த கணக்கு

2019 ஆவணியில் என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன. கூடவே பேச்சும் போனது. பேச்சு போனதுதான் எங்கள் தொழிலைப் படுக்க வைத்தது. கல்லிடைக்குறிச்சியில் எங்களுக்குச் சின்னதாக ஒரு அப்பளக் கம்பெனி. கம்பெனி என்று பெயர்தான். பின்கட்டில் மாவு பிசையும் இடம், மொட்டை மாடியில் காயப்போடும் இடம், முன்னறையில் பாக்கெட் போட ஒரு மேஜை, அவ்வளவுதான் சொத்து. அக்கம்பக்கத்துப் பெண்கள் மாவை வாங்கிக்கொண்டு போய் வீட்டில் அப்பளம் இட்டுக் கொண்டுவருவார்கள். மாமனார் தொடங்கியது. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்தே மாவுப் பதம் பார்ப்பது என் வேலை. பிரண்டைச் சாறு எவ்வளவு, அப்பளக்காரம் எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் சரக்கு எந்தக் கடைக்குப் போகிறது, யாரிடம் எவ்வளவு பாக்கி, உளுந்துக்கு என்ன தவணை, யாருக்கு என்ன விலை, இதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. அதை நான் வெளியே எடுக்கப் பட்ட பாட்டைத்தான் எழுதப் போகிறேன். பத்தமடையில் பாய், வீரவநல்லூரில் தறி, காருகுறிச்சியில் மண்பாண்டம் என்று இந்தத் தாமிரபரணிக் கரை முழுக்க வீட்டோடு சேர்த்துத் தொழில் வைத்திருப்பவர்கள்தான். இதை யாராவது எனக்கு முன்னாலேயே சொல்லியிருந்தால் ஏழு பவுன் மிச்சமாகியிருக்கும்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், “எல்லாம் புரியும், வார்த்தைதான் வராது” என்றார். அவருக்கு மிஞ்சிய ஒரே வார்த்தை ‘சரி’. தென்காசிக் கடை பாக்கி வந்துவிட்டதா என்று கேட்டால் “சரி”. வரவில்லையா என்றாலும் “சரி”. சொல்ல வந்தது அதில்லை என்று அவருக்கே தெரியும். கண் கலங்கும், இடது கையால் கட்டிலை அடிப்பார். நோட்டு என்று ஒன்று இருந்தது, ஆனால் அதில் பாதிதான் இருந்தது. மீதியைத் தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் எழுதி ஆணியில் குத்தி வைத்திருந்தார். ‘தெ. பெ. 40’ என்றிருக்கும். தென்காசி, பெரிய கடை, 40 கட்டு என்று கண்டுபிடிக்கவே ஒரு சாயங்காலம் ஆனது. அப்பளத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பதால் பில் போட்டே ஆகவேண்டும் என்று எங்களை யாரும் நெருக்கியதில்லை. வசதியாகத்தான் இருந்தது, எழுதாமல் விட்டவர் வாய் மூடும் வரைக்கும்.

கடைசியில் ஒரு வழி செய்தேன். பழைய கவர்களை வெட்டி, ஒவ்வொரு சீட்டிலும் ஒரு கடையின் பேர் எழுதினேன். அவர் முன்னால் இரண்டு சாப்பாட்டுத் தட்டு வைத்தேன். பணம் வந்துவிட்ட கடை இந்தத் தட்டு, வரவேண்டிய கடை அந்தத் தட்டு. சீட்டைப் படித்துக் காட்டுவேன். இடது ஆள்காட்டி விரலால் தள்ளுவார். சேரன்மகாதேவி மளிகைக்கடை, தள்ளினார். அம்பை பஸ் ஸ்டாண்டு ஓட்டல், தள்ளினார். நாகர்கோவில் மொத்த வியாபாரி ஒருவரின் சீட்டு வந்தபோது தள்ளவில்லை, அதன்மேல் விரலை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தார். தொகை கேட்டு ஒவ்வொரு எண்ணாகச் சொல்லிப் பார்த்தேன். லட்சத்தைத் தாண்டிய பிறகுதான் கையை எடுத்தார். எல்லாச் சீட்டும் முடிந்தபோது வரவேண்டியது சுமார் 7,60,000 ரூபாய் என்று ஒரு கணக்கு நின்றது. ஆளுக்கு நல்ல நினைவு. காகிதத்தில்தான் ஒன்றும் இல்லை.

வசூலுக்குப் போகும்போது ஒன்றைக் கவனித்தேன். “எங்க கணக்குல இவ்வளவு நிக்குது” என்று ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் உடனே “எங்க, நோட்டைக் காட்டுங்க” என்பார். நம்மிடம் காட்ட எதுவும் இல்லை. அதனால் “அண்ணாச்சி, உங்க நோட்டுல நம்ம பாக்கி எவ்வளவு இருக்கு?” என்று அவர்களையே சொல்ல வைத்தேன். சின்னக் கடைக்காரர்கள் ஒருத்தர்கூட ஏமாற்றவில்லை. அம்பையில் ஒரு அண்ணாச்சி, “தங்கச்சி, நீ கேக்கதுல ரெண்டாயிரம் கொறையுது, இந்தா” என்று கூடுதலாக எடுத்துக் கொடுத்தார். பெரிய இடங்கள்தான் கையை விரித்தன. நாகர்கோவில்காரர் சிரித்த முகத்தோடு, “அண்ணங்கிட்ட ரொக்கமாக் குடுத்தாச்சே மைனி, அவுககிட்டயே கேளுங்களேன்” என்றார். பேச முடியாதவரிடம் கேட்கச் சொல்கிறார். அங்கே போனது 1,85,000. மற்ற இடங்களில் சேர்த்து இன்னும் 80,000-க்கு மேல் வரவே இல்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அழவில்லை, கோபம்தான். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதில் ஒரு சட்ட விஷயம் இருக்கிறது, பிறகுதான் ஒரு வக்கீல் சொன்னார். இப்படிப்பட்ட வியாபாரப் பாக்கிக்கு வழக்குப் போட மூன்று வருஷம்தான் கெடு. ஆனால் அந்தக் கெடுவுக்குள் கடன்பட்டவர் “ஆமாம், இவ்வளவு தரவேண்டும்” என்று கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தால் அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருஷம் ஓடும். அதனால் வருஷத்துக்கு ஒருமுறை, மார்ச் மாதத்தில், எல்லாக் கடைக்கும் ‘மார்ச் 31 அன்று நிலுவை இவ்வளவு’ என்று ஒரு தாள் அனுப்பிக் கையெழுத்தும் கடை முத்திரையும் வாங்கிவிடுகிறேன். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. “ஆடிட்டர் கேக்காரு” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அன்றாடப் பாக்கிக்கு வாட்ஸப்பில் தொகையைக் கேட்டு வாங்கி வைத்தாலும் பின்னால் பேசுவதற்கு ஒரு பிடி கிடைக்கும்.

வசூலைவிட மோசமாக இருந்தது வங்கி. கரண்ட் அக்கவுண்ட் அவர் பெயரில் மட்டும். தனி ஆள் பெயரில் நடக்கும் தொழிலுக்கு அந்த ஆளைத் தவிர வேறு உயிர் கிடையாது. அவர் கையெழுத்துப் போட முடியாது என்றதும் கவுண்டரில் இருந்தவர் “கோர்ட் ஆர்டர் கொண்டுவாங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார். கணக்கில் 2 லட்சத்துக்கு மேல் கிடக்கிறது, விருதுநகர் மண்டிக்கு உளுந்துப் பணம் கட்ட வழியில்லை. என் நகையைத்தான் அடகு வைத்தேன். ஏழு பவுனையும் மீட்க முடியாமல் ஏலத்துக்குப் போனது தனிக் கதை. உண்மையில் கோர்ட் எல்லாம் வேண்டியதே இல்லை. கையெழுத்துப் போட முடியாத வாடிக்கையாளரின் பெருவிரல் ரேகையை, வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்டினால் ஏற்கலாம், அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்கவேண்டும் என்று ரிசர்வ் வங்கியே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. கை விரல் முடியாவிட்டால் கால் பெருவிரல்கூடச் செல்லும். இதை எனக்குச் சொன்னது எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். எழுத்தில் மனு கொடுத்த பிறகு மேனேஜரே வீட்டுக்கு வந்து ரேகை வாங்கிப் போனார். இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்வது: தொழில் உங்கள் ஒருவர் பெயரில் இருந்தால், உங்களுக்குப் பதிலாகக் கணக்கை இயக்க இன்னொருவருக்கு அதிகாரம் தரும் கடிதத்தைக் கை கால் நன்றாக இருக்கும்போதே வங்கியில் கொடுத்துவிடுங்கள். ஒரு பக்கத் தாள் அது.

அண்ணாச்சி கடைகளில் ஒரு பழக்கம் உண்டு, நம் பக்கத்து ஆட்களுக்குத் தெரிந்ததுதான். ஊரிலிருந்து ஒரு பையனைச் சென்னைக்கோ மதுரைக்கோ கடைக்கு அனுப்பினால், முதலில் கடை கூட்டுவான், மூட்டை பிரிப்பான். அப்புறம் பொட்டலம் மடிப்பான், தராசு பிடிப்பான். வாடிக்கையாளர் முகம் பழகும். யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று முதலாளி சொல்லாமலே கவனித்துக்கொள்வான். கொள்முதலுக்கு முதலாளியின் பின்னால் பை தூக்கிக்கொண்டு போவான். எல்லாம் முடிந்து பல வருஷம் கழித்துத்தான் கல்லா. அந்தப் படிப்பில் கல்லாவில் உட்காருவது கடைசிப் பாடம். எனக்கோ முதல் நாளே கல்லா. வீட்டுப் பெண்கள் எவ்வளவு உழைத்தாலும் நம்மை மாவுக்கும் மாடிக்கும் நடுவில்தானே வைத்திருக்கிறார்கள். மண்டிக்கு யார் கூட்டிக்கொண்டு போனார்கள்? உளுந்து வாங்க விருதுநகர் போனபோது பர்மா உளுந்துக்கும் நாட்டு உளுந்துக்கும் மாவில் என்ன வித்தியாசம் என்று எனக்கு அங்கிருந்த எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். ஆனால் விலை பேசத் தெரியாது. மண்டிக்காரர் சொன்ன விலைக்கு மறுவார்த்தை பேச வாய் வரவில்லை. அதற்கு நான் கண்டுபிடித்த மருந்து, போவதற்கு முன்னால் வேறு இரண்டு மண்டிக்குப் போன் போட்டு விலை கேட்டு, அதைக் கையில் எழுதிக்கொண்டு போவது. கையில் இருக்கிற எண்ணைப் பார்த்தால் பேச்சு வரும்.

அடுத்தது ஆட்கள். இட்டுத் தருகிற பெண்களில் பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள். தீபாவளிக்கு, பிள்ளை பள்ளிக்கூட ஃபீஸுக்கு என்று அவர்கள் வாங்கிய முன்பணமும் அவர் தலைக்குள்தான். கேட்டால் முகம் சுண்டும். கேட்காவிட்டால் பணம் போகும். வந்த அப்பளத்தை நான் நிறுத்துப் பார்க்க ஆரம்பித்ததும் “அவுக இருக்கும்போது ஒருநாளும் இப்படிச் செஞ்சதில்ல” என்று முணுமுணுப்பு வந்தது. ரெண்டு பேர் வேலைக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். முடிச்சை அவிழ்த்தது எங்களில் மூத்த ஆச்சிதான். “ஏளா, நீ நிறுக்கது குத்தமில்ல. மாவு குடுக்கும்போதும் எங்க கண்ணு முன்னால நிறு. அப்பதான் ரெண்டு பக்கமும் ஞாயம்” என்றாள். ஈர மாவு காய்ந்தால் எடை குறையும் என்பது எல்லாருக்கும் தெரியும், எவ்வளவு குறையும் என்பதில்தான் சண்டை. அதனால் ஒரு நாள் எல்லாரையும் வைத்துக்கொண்டு ஒரு கிலோ மாவை நானே இட்டு, காயவைத்து, மறுநாள் எல்லார் முன்னாலும் நிறுத்தேன். அந்த எடையைச் சுவரில் எழுதிவைத்தோம். அதற்குப் பிறகு தகராறே இல்லை. ஆளுக்கு ஒரு சின்ன நோட்டு கொடுத்தேன்: கொடுத்த மாவு, வந்த அப்பளம், கூலி, முன்பணம். அதே வரி என் நோட்டிலும் இருக்கும். பழைய முன்பணத்தை அவர்கள் வாயால் சொன்னதையே கணக்காக எடுத்துக்கொண்டேன். சிலர் கொஞ்சம் குறைத்துச் சொல்லியிருப்பார்கள், சொல்லட்டும். வேலையை விட்டவர்களில் ஒருவர் திரும்பி வந்தார்.

இப்படி ஒரு மாதிரி நிமிரும்போது 2020 மார்ச்சில் ஊரடங்கு. வைகாசிக் கல்யாணம் எல்லாம் நின்றது, ஓட்டல்கள் மூடின. எங்கள் சரக்கில் பெரும்பகுதி கல்யாணச் சமையல்காரர்களுக்கும் ஓட்டல்களுக்கும் கட்டுக் கட்டாகப் போவதுதான். மாடியில் காய்ந்ததை வீட்டுக்குள் அடுக்க இடமில்லை. வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் மளிகைக்கடையில் அப்பளம் கேட்கிறார்கள் என்று சேரன்மகாதேவி கடைக்காரர் போனில் சொன்னதால்தான் 100 கிராம் பாக்கெட்டுக்கு மாறினோம். அதைப் பெரிய யோசனை என்று யாராவது பாராட்டினால் எனக்குச் சிரிப்பு வரும். வேறு வழியில்லை, அவ்வளவுதான். ஆனால் பாக்கெட் போட்டபோது கவர் விலை, ஒட்டும் கூலி என்று ஒவ்வொன்றையும் எழுதவேண்டி வந்தது. அப்போதுதான் எங்கள் தொழிலின் அடக்கவிலையையே முதல்முறையாகப் பார்த்தேன்.

கட்டு சரக்கின் கணக்கு இது. ஒரு கிலோ அப்பளத்துக்குப் போகிற உளுந்து மாவு அன்றைய விலையில் 130 ரூபாய். உப்பு, அப்பளக்காரம், பிரண்டை, தேய்ப்பு மாவு எல்லாம் சேர்த்து 8. இடுகூலி 40. காயப்போட்டு அடுக்குகிற கூலி 12. கவரும் சாக்கும் 10. வண்டி வாடகை 8. உடைசல் 6. கூட்டினால் 214. மொத்த வியாபாரிக்கு விற்றது 220. கிலோவுக்கு 6 ரூபாய் நிற்கிறது என்று தோன்றும். ஆனால் அவர் பணம் தருவது மூன்று மாதம் கழித்து. நாங்கள் உளுந்து வாங்குவதோ மாதம் நூற்றுக்கு 2 வட்டிக் கைமாற்றில். 214 ரூபாய்க்கு மூன்று மாத வட்டி ஏறக்குறைய 13. ஆக, கிலோவுக்கு 7 ரூபாய் கையிலிருந்து போட்டு அந்த வியாபாரிக்கு அப்பளம் கொடுத்துக்கொண்டிருந்தோம். இதில் கரண்ட் பில் இல்லை, எனக்கு ஒரு ரூபாய் சம்பளம் இல்லை. நிறைய விற்ற மாதங்களில் கையில் பணம் ஏன் இறுகியது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. மூன்று மாதக் கடனை நிறுத்தினேன். கட்டு சரக்குக்கு விலை ஏற்றினேன். பழைய ஆட்கள் இரண்டு பேர் போய்விட்டார்கள். மளிகைக்கடைகளுக்குப் பில்லுக்கு பில், அதாவது அடுத்த சரக்கு இறங்கும்போது முந்தைய பில் பணம். விற்பனை குறைந்தது, வட்டி கட்டுவதும் நின்றது.

2021-ல் அரசு சார்பில் நடந்த ஒரு தொழில் பயிற்சி வகுப்புக்குப் போனேன். தொழில் தெரிந்தவர்கள் நிர்வாகம் படிக்க எங்கே போவது என்று நிறையப் பேர் என்னிடம் கேட்கிறார்கள். மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்தாலே எந்த வகுப்பு எப்போது என்று சொல்வார்கள். தமிழ்நாடு அரசுக்கு இதற்கென்றே தொழில் முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் என்று ஒன்று சென்னை கிண்டியில் இருக்கிறது, அவர்களும் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறார்கள். ஆனால் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் அளவாக வைத்துக்கொண்டு போங்கள். என் வகுப்பில் பாதிப் பேர் கடனுக்குச் சான்றிதழ் வேண்டும் என்று வந்தவர்கள். இருப்புநிலைக் குறிப்பு, திட்ட அறிக்கை என்று போர்டு நிறைய எழுதினார்கள். கேட்கும்போது புரிந்தது, வீட்டுக்கு வந்ததும் நிற்கவில்லை. நின்றது ஒரு பேராசிரியர் போகிற போக்கில் சொன்ன விஷயம். டொமினிக்கன் குடியரசு என்ற தீவு நாட்டில் சின்னத் தொழில் செய்பவர்களில் ஒரு பகுதியினருக்கு முறையான கணக்கியல் வகுப்பு, இன்னொரு பகுதியினருக்கு எளிய நடைமுறை விதிகள் மட்டும் என்று சொல்லிக்கொடுத்துச் சோதித்தார்களாம். வீட்டுப் பணமும் தொழில் பணமும் தனித்தனி டிராயரில் இருக்கட்டும், ஒன்றிலிருந்து மற்றதுக்கு எடுத்தால் சீட்டு எழுதிப் போடு, இந்த மாதிரி விதிகள். கணக்கியல் படித்தவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை, எளிய விதி கற்றவர்கள்தான் கணக்கை ஒழுங்காக வைத்துக்கொண்டார்கள். 2014-ல் அந்த ஆய்வு வெளியானது என்றார். அன்று ராத்திரியே இரண்டு டப்பா வைத்தேன். ஒன்று ஹார்லிக்ஸ் டப்பா, ஒன்று பிஸ்கட் டப்பா. தொழில் டப்பாவிலிருந்து மருந்துக்கு எடுத்தால் சீட்டு. எனக்கு மாதச் சம்பளம் 8,000 என்று வைத்து அதையும் சீட்டு போட்டுத்தான் எடுத்தேன். மாமியார் “சொந்தப் பணத்துக்குச் சீட்டு எழுதுதாளே இவ” என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார்கள். இன்றும் அந்த முறைதான், டப்பாவுக்குப் பதிலாக இரண்டு வங்கிக் கணக்கு.

வகுப்பில் கிடைத்த இன்னொரு லாபம் பக்கத்து இருக்கை. ஒரு பேக்கரிக்கார அக்கா, ஒரு தறிக்காரர், ஒரு மாவு மில்காரர், நான். மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் உட்காருவோம். ஆளுக்கு ஒரு பிரச்சினை, தொகையோடு சொல்லவேண்டும் என்பது மட்டும்தான் கட்டுப்பாடு. தொகை சொல்லாவிட்டால் புலம்பலாகிவிடுகிறது. இதில் ஒரு எச்சரிக்கை: ஒரே தொழில் செய்பவர்களை இந்த வட்டத்தில் சேர்க்காதீர்கள். போட்டிக்காரர் முன்னால் யாரும் உண்மை விலை சொல்வதில்லை. தொழில் வேறாகவும் அளவு ஒன்றாகவும் இருந்தால் பேச்சு பயனாகிறது. பெரிய முதலாளிகள் மேடையில் சொல்வதை நானும் கேட்டிருக்கிறேன். அவர்களுக்குக் கணக்குப் பார்க்கத் தனி ஆள், வசூலுக்குத் தனி ஆள். என் கேள்வி, மாவு பிசைந்த கையைக் கழுவிவிட்டு எந்த நேரத்தில் கணக்கு எழுதுவது என்பது. பேக்கரி அக்காதான் பதில் சொன்னாள்: “ராத்திரி எழுதாத, தூக்கத்துல தப்பு வரும். மாவு ஊறுத நேரத்துல எழுது.” படிப்பு இல்லையே என்று நான் கூசும்போதெல்லாம் லிஜ்ஜத் அப்பளத்தை நினைத்துக்கொள்வேன். 1959-ல் மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கித் தொடங்கியது. அங்கும் மாவை வாங்கிப் போய் வீட்டில் இட்டுக் கொண்டுவரும் முறைதான்.

உத்யம் பதிவை என் பெயரில் செய்தது அந்த வகுப்புக்குப் பிறகு. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்காக 2020 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த பதிவு முறை இது. ஆதாரும் பான் கார்டும் போதும், அரசுக் கட்டணம் ஒரு பைசா கிடையாது. நான் தெரியாமல் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் 1,500 ரூபாய் அழுதேன், நீங்கள் அழவேண்டாம். இதனால் என்ன பயன் என்றால், குறு சிறு தொழில்களுக்கான 2006-ஆம் வருஷச் சட்டப்படி நம்மிடம் சரக்கு வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் தரவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இதற்கென்று உள்ள அரசு இணையதளத்தில் புகார் செய்யலாம். பதிவுக்கு முந்தைய பாக்கிக்கு இது உதவாது என்று சொல்லிவிட்டார்கள், அதனால் நாகர்கோவில் பணம் போனது போனதுதான். நிஜத்தில் வேலை செய்தது 2023-ல் வருமான வரிச் சட்டத்தில் வந்த திருத்தம். குறு, சிறு உற்பத்தியாளர்களுக்குக் கெடு தாண்டி, வருஷக் கடைசியிலும் பணம் தராமல் இருந்தால், வாங்கியவர் அந்தத் தொகையை அந்த வருஷச் செலவாகக் காட்ட முடியாது. அது பொருந்திய முதல் கணக்கு வருஷம் முடிந்த 2024 மார்ச்சில், என்றைக்கும் போன் எடுக்காத ஒரு சூப்பர் மார்க்கெட் ஆள் தானாகக் கூப்பிட்டு, “அக்கா, உங்க பில் எதுவும் நிலுவை இருக்கா?” என்றார். காது குளிர்ந்தது. இன்னொரு இடத்தில் “உத்யம் நம்பர் போடாம பில் குடுங்க” என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சரக்கையே நிறுத்திவிட்டேன். பில்லில் உத்யம் எண்ணைப் பெரிதாக அச்சடித்து வையுங்கள். கேட்காமலே பாதி வேலை நடக்கும்.

2023 டிசம்பர் 17, 18-ல் கொட்டிய மழை எல்லாருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர். எங்கள் பக்கமும் ஆறு கரை மீறி ஓடியது. வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, ஆனால் பிசைந்த மாவும் அரைக் காய்ச்சல் அப்பளமும் பூசணம் பிடித்துப் போயின. ஐப்பசி, கார்த்திகையிலும் ஆனிச் சாரலிலும் வெயில் இல்லாத நாள் எங்களுக்குப் பழக்கம்தான், இது வேறு. ஆனால் அன்று சாயங்காலமே நஷ்டம் 38,000 என்று நோட்டைப் பார்த்துச் சொல்ல முடிந்தது. யாரிடம் எவ்வளவு மாவு இருந்தது, எந்தக் கடைக்கு என்ன பாக்கி, மண்டிக்கு எந்தத் தேதியில் கட்டவேண்டும் எல்லாம் எழுத்தில் இருந்ததால் மண்டிக்காரரிடம் தேதியோடு தவணை கேட்டேன். தந்தார். எப்போது தருவேன் என்று நாமே தேதி சொல்லிக் கேட்டால் கடன்காரர்கள் அதிகம் கத்துவதில்லை. அந்த நஷ்டத்துக்குப் பிறகுதான் உலர்த்தும் இயந்திரத்துக்குக் கடன் போட்டேன். உணவுத் தொழில் செய்யும் குறு நிறுவனங்களுக்கு மத்திய அரசுத் திட்டத்தில் 35 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம் வரை அப்போது இருந்தது. ஆனால் மானியம் கையில் தரப்படவில்லை, கடன் கணக்கில்தான் சேர்ந்தது. அதைக் கையில் வரும் பணம் என்று நினைத்துத் திட்டம் போட்டவர்கள் திண்டாடியதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது அவர் ஓரளவு பேசுகிறார். முன்னறையில் உட்கார்ந்து உடைசல் பிரிக்கிறார், மண்டி விலையைக் கேட்டுத் தலையாட்டுகிறார் அல்லது உதட்டைப் பிதுக்குகிறார். அந்தப் பிதுக்கலுக்கு நான் இன்னும் கட்டுப்படுகிறேன், பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது. போன வருஷம் எனக்கே ஒரு ஆபரேஷன் என்றானபோது முதல் பயம் உடம்பைப் பற்றியில்லை, இப்போது எல்லாம் என் தலைக்குள் போய்விட்டதோ என்பதுதான். ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதினேன்: கடைகள், விலை, தவணை, யாருக்கு எந்தக் கிழமை லைன் வண்டி, பூட்டுச் சாவி, பாஸ்புக், மாவு அளவு. கல்லூரியில் படிக்கும் மகளிடம் கொடுத்து, நான் ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே ஒரு வாரம் அவளை நடத்தச் சொன்னேன். நான் மாடியை விட்டு இறங்கவில்லை, கேட்டாலும் பதில் சொல்லவில்லை. நோட்டில் இல்லாதவை ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மில்லில் நம் சாக்கு எந்த மூலையில் கிடக்கும் என்று எழுதவில்லை. தென்காசிக் கடைக்காரர் காலை ஒன்பது மணிக்குப் பிறகு சரக்கு இறக்க விடமாட்டார் என்பதும் இல்லை. ஆச்சிக்குச் சனிக்கிழமைதோறும் கூலியை முழுசாகக் கொடுக்காமல் பாதியைச் சேர்த்து வைக்கவேண்டும், அவள் மகன் வாங்கிவிடுவான் என்பதை எங்கேயும் எழுதியிருக்கவே முடியாது. மூன்றையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் மகள் அவள் கையெழுத்திலேயே சேர்த்திருக்கிறாள். அடுத்த லீவில் மறுபடி ஒரு வாரம் அவள் பொறுப்பு என்று பேசி வைத்திருக்கிறோம். இந்தத் தடவை உளுந்துக் கொள்முதலும் சேர்த்து.